வன்ச்சுராவின் கதைசொல்லியைத் தொலைத்துவிடாதீர்கள்: ஒரு திறந்த மடல்

உலக இலக்கியத்தைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், மதிப்புரை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

விளாதிஸ்லாவ் வன்ச்சுரா 1931இல் வெளியிட்ட ‘மர்கேத்தா லஸரொவா’ என்ற செக் நாவலைத் தமிழாக்கும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால் நல்லதுதான். ஆனால் ஆங்கிலப் பிரதியை ஒரு கையிலும் அதை வைத்து எடுத்த செக் திரைப்படத்தின் நினைவை மறு கையிலும் வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கதை வந்து சேரும், நாவல் வராது.

கதை சிறியது. மிலதா பொலெஸ்லாவ் சீமை (இன்று ஸ்கோடா கார்கள் செய்யப்படும் அதே ஊர்). கடுங்குளிர். கொஸ்லீக் என்பவன் வழிப்பறி செய்து பிழைக்கும் குறுநிலப் பிரபு. பெரிய குடும்பம், பெரிய கொள்ளை. பக்கத்தில் லஸர் என்ற இன்னொருவன். அவனும் கொள்ளைக்காரன்தான், ஆனால் கோழை, கூடவே பக்திமான். ராஜாவின் படை வருகிறது. கொஸ்லீக்கின் மகன் மிக்கொலாஷ், லஸரின் மகள் மர்கேத்தாவைத் தூக்கிக்கொண்டு போகிறான். கன்னிமடத்துக்கென்று நேர்ந்துவிடப்பட்டவள் அவள். இன்னொரு பக்கம் கொஸ்லீக்கின் மகள் அலெக்ஸாந்திராவுக்கும், சிறைபிடிக்கப்பட்ட சாக்ஸனிப் பிரபுவின் மகன் கிறிஸ்டியானுக்கும் காதல். முடிவில் இரத்தமும் தூக்குமரமும். இதைப் பத்து வரியில் சொல்லிவிடலாம், சொல்லியும்விட்டோம். வன்ச்சுராவுக்கு முன்னும் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை.

அவர் கொண்டுவந்தது ஒரு குரல். முதல் வாக்கியமே கதை அல்ல, ஒரு வாய்வீச்சு: பைத்தியக்காரத்தனங்கள் தாறுமாறாக விதைபடுகின்றன. அடுத்த மூச்சில், இந்தக் கதைக்கு மிலதா பொலெஸ்லாவ் சீமையில் ஓரிடம் கொடுங்கள் என்று வாசகரிடம் கேட்கிறது அந்தக் குரல். கேட்ட கையோடு வாசகரையே வம்புக்கு இழுக்கிறது: நம் ஜனத்தின் மேன்மையையும் அழகிய ஒழுக்கத்தையும் நினைத்து நினைத்து நீங்கள் தொட்டாற்சிணுங்கிகளாகிவிட்டீர்கள், தண்ணீர் குடிக்கும்போதுகூட மேசையெல்லாம் சிந்துகிறீர்கள், நட்டம் சமையற்காரிக்கு. நான் சொல்லப்போகிற ஆட்களோ பொலிகுதிரைகள். சீப்பாவது சோப்பாவது! கடவுளின் கட்டளைகளையே சட்டைசெய்யாதவர்கள்.

இந்த ‘நீங்கள்’ யார்? 1931இல் பிராக் நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் செக் நடுத்தர வர்க்கத்தார். அந்த சோப்பு அவர்கள் வீட்டுக் குளியலறை சோப்பு. பழங்காலக் கதையாயிற்றே என்று அதை ‘நறுமணப் பூச்சு’ என்றோ ‘நீராட்டுப் பொடி’ என்றோ மாற்றினால் கேலி செத்துப்போகும். பழைய நடையில் பேசும் வாய், நிகழ்காலத்தைக் குத்திக்காட்டும் விரல்: இந்த இரண்டின் முரண்தான் நாவல். விமர்சகர்கள் தொண்ணூறு ஆண்டுகளாகப் பேசிவருவதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

அதை உணர அன்றைய செக் சரித்திர நாவல் எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும். அலொய்ஸ் யிராசெக் 1930இல் மறைந்தார். தேசத்தின் கடந்தகாலத்தை ஆவணத்தோடும் பெருமிதத்தோடும் கட்டியெழுப்பிய நாவலாசிரியர் அவர். வரலாறு அவரிடம் பாடம். அடுத்த ஆண்டே வன்ச்சுரா எந்த ராஜா என்று சொல்லாமல், எந்த ஆண்டு என்று சொல்லாமல் ஒரு ‘வரலாறு’ எழுதினார். நாட்டுப்பற்றுக்கு ஒரு துரும்புகூட அதில் தீனி இல்லை. நாட்டின் அரசுப் பரிசு என்னவோ கிடைத்தது. அவர் நடை பற்றி அன்று எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை: இந்தச் சொல்லலங்காரம் கதையைத் தாங்குகிறதா, விழுங்குகிறதா? அவர் காலத்து எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் எளிய பேச்சு நடை ஒரு கரை, வன்ச்சுரா மறுகரை என்று செக் உரைநடையைப் பற்றிப் பேசுவோர் பிரித்துவைப்பது வழக்கம்.

இனி மொழிபெயர்ப்பாளர்களுக்கு. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வன்ச்சுராவின் வாக்கியத்துக்கு அச்சாணி, செக் இலக்கணத்தில் ‘ப்ர்ஷெஹொத்னீக்’ எனப்படும் வினை வடிவம். ஒரு செயலைச் செய்துகொண்டே இன்னொன்றைச் செய்வதைக் குறிப்பது; நம் வினையெச்சத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். 1931இலேயே பேச்சில் அது கிடையாது, ஏட்டு வழக்கு. 16ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் ஆறு பாகங்களாக வந்த ‘கிராலித்ஸே’ என்ற செக் மொழி விவிலியத்தின் நடையைச் செக் காதுக்கு நினைவூட்டுவது. வன்ச்சுரா அதைப் பக்கத்துக்குப் பக்கம் பயன்படுத்துகிறார், அதுவும் திருடர்களுக்கு. முதல் பத்தியிலேயே ராஜாவுக்கு ‘மயெ’ (உடையவனாய்) வருகிறது. இரத்தம் சிந்தும் பிரபுக்களுக்கு ‘ஹெஹ்தயீத்ஸெ’ (கெக்கலிப்பவர்களாய்) வருகிறது.

ஆங்கிலத்தில் இது வெறும் நிகழ்கால எச்சமாகத் தேய்ந்துவிடும். ஆங்கிலம் வழியே தமிழுக்கு வரும்போது ‘சிரித்துக்கொண்டே’ ஆகும். அது நம் தினப்பேச்சு, அதில் பழமையின் வாடையே இல்லை. செக்கில் அரிதான, அழுத்தமான வடிவம் தமிழில் மிகச் சாதாரணமான வடிவமாகிவிடுகிறது. இலக்கணப் பொருத்தம் சரியாக இருந்தும் நடை தலைகீழாகப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். செக் வடிவம் எழுவாயோடு பாலிலும் எண்ணிலும் ஒத்துப்போகும்: ஆண்பால் ஒருமைக்கு ஒன்று, பெண்பாலுக்கும் அஃறிணை போன்ற நடுப்பாலுக்கும் ஒன்று, பன்மைக்கு ஒன்று. நீண்ட வாக்கியத்தில் ஐந்து பேர் நடமாடினாலும் யார் செய்கிறார் என்பதை ஈறே சொல்லிவிடும். தமிழ் வினையெச்சத்துக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் தமிழில் வேறு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று முற்றெச்சம். ‘எழுந்தனள் சென்றாள்’, ‘கண்டனன் வணங்கினான்’ என்று முற்றே எச்சமாக நிற்பது. நன்னூல் இதற்கு இடம் தருகிறது. பாலும் எண்ணும் அதில் தெளிவு. மற்றொன்று ‘-வனாய், -வளாய், -வர்களாய்’ என்று முடிவது: ‘நடுங்கினவனாய் வந்தான்’. பழைய வேதாகமத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது காதில் உடனே மணி அடிக்கும்.

எங்கள் பரிந்துரை: இரண்டாவதை அன்றாடக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். கிராலித்ஸே விவிலியத்தின் எதிரொலிக்கு வேதாகமத் தமிழின் எதிரொலி ஈடாகும். பால், எண் ஒப்பும் கிடைக்கும். முற்றெச்சத்தை இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒன்று, கதைசொல்லி வேண்டுமென்றே மேடையேறும் இடங்களில் மட்டும். அதற்கு மேல் போனால் உரைநடை செய்யுளாகிவிடும். மாதிரிக்கு முதல் பத்தியின் பின்பகுதி இப்படி வரலாம்: ‘சாலைகளில் ஜனம் பயமின்றிப் போய்வர வேண்டுமென்று பாடுபட்டான் ராஜா, தன் பிரபுக்களால் படாதபாடு படுகிறவனாய், அவர்களோ அப்பட்டமான திருட்டுப் பிழைப்பு நடத்தினார்கள், அதைவிட மோசம், ஏறக்குறையக் கெக்கலிக்கிறவர்களாய் இரத்தம் சிந்தினார்கள்.’

இந்த மாதிரியில் ‘பாடுபட்டான் ராஜா’ என்று வினை முன்னால் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் உண்டு. வன்ச்சுரா மறுமலர்ச்சிக்கால மனிதநேயவாதிகளின் செக் நடையைப் பின்பற்றி வினையைக் கடைசிக்குத் தள்ளுவார். செக்கில் அது செயற்கை, ஆகவே கம்பீரம். தமிழில் வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. அப்படியே வைத்தால் அந்தக் கம்பீரம் காணாமல் போகும். ஆகவே செக் பின்னே தள்ளும் இடத்தில் தமிழ் முன்னே இழுக்க வேண்டும். எல்லா வாக்கியத்திலும் அல்ல. மூலத்தில் வரிசை உண்மையிலேயே திருகியிருக்கும் இடங்களில் மட்டும். மூலம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

எதிர்த்திசைப் பிழையும் ஒன்று உண்டு. செக் வினைகளின் ‘-தி’ என்னும் ஈறு (‘பேச’ என்பதற்கு ‘ம்லுவிதி’) இன்றைய செக் மாணவர்களுக்குப் பழமையாகத் தோன்றும். 1931இன் எழுத்து வழக்கில் அது சாதாரணம். இதைப் பழஞ்சொல் என்று எண்ணி ஒவ்வொரு வினைக்கும் சங்கத் தமிழ் தேடினால் வன்ச்சுரா வைக்காத பழமையை நீங்கள் வைத்தவர்கள் ஆவீர்கள். எது 1931க்கே பழையது, எது நமக்கு மட்டும் பழையது என்று பிரிக்க ‘பிரிருச்னி ஸ்லொவ்னீக்’ என்னும் செக் கைப்பேரகராதி (1935–1957) உதவும். அந்தக் காலகட்ட எழுத்தாளர்களின் வாக்கியங்களை மேற்கோள் காட்டியே அது பொருள் தருகிறது. அதிலும் சிக்காதவற்றுக்கு 1830களில் வந்த யுங்மனின் செக்–ஜெர்மன் அகராதி.

நம்மூர் ஆபத்தைச் சொல்லாமல் போக முடியாது. சரித்திர நாவல் என்றதும் தமிழ்க் கை தானாக ‘மன்னா! தங்கள் சித்தம்’ என்று எழுதப் போகும். கொஸ்லீக் மன்னன் அல்ல. அவன் பெயருக்கே ‘கிடாக்குட்டி’ என்று பொருள். ராஜாவின் படைத்தலைவன் பெயர் ‘பிவொ’, அதாவது பீர். பெயரிலேயே சிரிப்பு இருக்கும்போது வசனத்தில் வீரத் திலகம் இடாதீர்கள். உயர்ந்த நடை கதைசொல்லியின் சொத்து. பாத்திரங்கள் அதைக் கிழித்துக்கொண்டு கரடுமுரடாகப் பேசுவார்கள். மேலும், கதைசொல்லி வாசகர்களைப் பன்மையில் விளிக்கிறார், பாத்திரங்களை ‘நீ’ என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். ஆங்கிலம் வழியே செய்பவர் ஒவ்வொரு விளிப்புக்கும் பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பெயர்கள். ‘மார்க்கெட்டா’ என்று அச்சிட்டால் சந்தையா என்று கேட்பார்கள். செக்கில் முதல் அகரம் குறில், எகரம் நெடில், ‘த’ பல்லொலி: மர்கேத்தா. ‘லஸரொவா’ என்பது குடும்பப் பெயர் என்பதோடு நிற்காமல், ‘லஸருடையவள்’ என்ற பொருளையும் தாங்கி நிற்கிறது. தகப்பனுடையவளாக இருந்தவள் யாருடையவள் ஆனாள் என்பதே கதை என்பதால் இதற்கு ஓர் அடிக்குறிப்பு தகும். மற்றபடி அடிக்குறிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்; குரலுக்கு நடுவே குறிப்பெண் வந்தால் மூச்சு முட்டும்.

பதிப்பாளர்களுக்கு உரிமை பற்றி ஒரு கணக்கு. வன்ச்சுரா 1942இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள். ஆகவே 2002 முடிவோடு செக் மூலத்தின் காப்புரிமை தீர்ந்தது. 70 ஆண்டுக் கணக்குள்ள இடங்களில் 2012 முடிவோடு. செக் மூலத்திலிருந்து நேரே செய்தால் யாருக்கும் உரிமைத்தொகை இல்லை. ஆனால் கார்லெடன் பல்கின் செய்து 2016இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. அதிலிருந்து தமிழாக்கினால் அதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும். ‘ஆசிரியர் இறந்து நாளாச்சே’ என்பது இங்கே செல்லாது. மூலத்தில் செய்வது தரத்துக்கு மட்டுமல்ல, பெட்டிக்கும் நல்லது. செக் மின்னூல் பிராக் நகர நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செக் கலாச்சார அமைச்சகம் அயல்மொழிப் பதிப்பாளர்களுக்கு மொழிபெயர்ப்பு மானியம் தருகிறது. 2017இல் தொடங்கிய செக் இலக்கிய மையம் வழிகாட்டும். ஆங்கிலப் பிரதியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. சிக்கலான இடத்தில் இன்னொருவர் எப்படி அவிழ்த்தார் என்று பார்க்க அது நல்ல துணை.

செக் தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதற்காக இருவர் சேர்ந்து செய்யலாம். செக் அறிந்தவர் வாக்கியம் வாக்கியமாக மூன்று தகவலைக் குறித்துத் தரட்டும்: சொல்லுக்குச் சொல் பொருள், 1931க்கே பழையதான சொற்களின் கீழ் ஒரு கோடு, வினை இயல்பை மீறி இடம் மாறியிருந்தால் ஓர் அம்புக்குறி. தமிழ் எழுதுபவர் அதை வைத்து எழுதி, உரக்க வாசித்துக் காட்டட்டும். நாவலில் ஏழு அதிகாரங்கள். ஒப்பந்தம் போடுமுன் முதல் அதிகாரத்தின் பத்துப் பக்கத்தைச் சோதனையாகச் செய்து பாருங்கள். கேட்பவர்களுக்கு முதல் இரண்டு பக்கத்துக்குள் ஒருமுறைகூடச் சிரிப்பு வரவில்லை என்றால் நடை தவறிவிட்டது, திரும்பத் தொடங்குங்கள். இரண்டாம் அதிகாரத்துக்குப் போன பிறகு திருத்த வந்தால் எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

மதிப்புரை எழுதுவோருக்குச் சில சொற்கள்.

‘13ஆம் நூற்றாண்டுக் கதை’ என்று எழுதாதீர்கள். அந்த நூற்றாண்டு ஃபிரான்திஷெக் விலாச்சில் 1967இல் எடுத்த திரைப்படத்தோடு ஒட்டிக்கொண்டது. நாவலில் காலம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தை 1998இல் செக் விமர்சகர்கள் தங்கள் சினிமாவின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தார்கள். அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் படத்தின் புகழ் நாவலின் வாசிப்பை மூடிவிட்டது. படத்திலும் ஒரு குரல் உண்டு, இடையிடையே எழுத்துத் தலைப்புகள் உண்டு. பார்வையாளரைப் பார்த்து ‘தண்ணீரைச் சிந்துகிறாய்’ என்று சீண்டும் துடுக்கு மட்டும் இல்லை. படம் இறுக்கமும் இருளும் ஆனது. நாவலோ இரத்தத்தின் நடுவே குதூகலிப்பது. முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதற்கு மதிப்புரை எழுதுவது அடுத்த வீட்டுச் சாம்பாரைச் சுவைத்துவிட்டு இந்த வீட்டு ரசத்தைப் பற்றிப் பேசுவது போல. வேடிக்கை என்னவென்றால் வன்ச்சுராவே 1930களில் படம் இயக்கியவர். ஆனால் இந்தக் கதையை அவர் படமாக்கவில்லை.

‘காதல் காவியம்’ என்ற சொல்லும் வேண்டாம். மிக்கொலாஷ் மர்கேத்தாவைக் கவர்ந்து போவது பலவந்தம். அதன் பிறகுதான் காதல் வருகிறது, அந்த வரிசையை நாவல் மறைப்பதில்லை. இன்றைய வாசகருக்கு அது உறுத்தும், உறுத்தட்டும். உறுத்தலைப் பற்றி எழுதுங்கள், பூச்சூடாதீர்கள்.

செக் நாவலாசிரியர் மிலன் குந்தேராவை மேற்கோள் காட்டும்போது இரட்டிப்புக் கவனம். தமிழில் பலரும் அறிந்த ‘நாவலின் கலை’ 1986இல் பிரெஞ்சில் வந்தது. அதே தலைப்பில் 1960இல் செக்கில் அவர் எழுதிய நூல் வேறு; அது முழுக்க வன்ச்சுராவைப் பற்றியது, பெருங்காவியத்தை நோக்கி அவர் நடந்த பாதை என்பது அதன் துணைத்தலைப்பின் சாரம். அதில் இருப்பது மார்க்சிய விமர்சகர் லூகாச்சின் வழியில் நின்று பேசும் இளைய குந்தேரா. பிந்தையவரின் வாயில் முந்தையவரின் கருத்தைத் திணித்தால் இருவருக்கும் அநியாயம். நடை பற்றித் தேடுகிறவர்கள் ஸ்தெனியெக் கொஷ்மீன் 1968இல் எழுதிய வன்ச்சுரா உரைநடை ஆய்வையும், பிராக் அமைப்பியலாளர் யான் முகர்ஷொவ்ஸ்கி வன்ச்சுராவின் கதைசொல்லியைக் குறித்து ஆற்றிய விரிவுரைகளையும் (நூலாக 2006) பாருங்கள். எங்கள் கணிப்பில் நாவலின் நாடியைப் பிடித்தவர் முகர்ஷொவ்ஸ்கிதான். அந்த நூலின் தலைப்பே ‘வன்ச்சுராவின் கதைசொல்லி’.

ஆசிரியரின் மரணத்தை வைத்து நாவலைப் பின்னோக்கி வாசிப்பதும் ஒரு தொற்று. வன்ச்சுரா மருத்துவர், பிராக்குக்குத் தெற்கே ஸ்பிராஸ்லாவில் வாழ்ந்தவர், 1920இல் தொடங்கிய ‘தெவியெத்சில்’ முன்னோடிக் கலைஞர் குழுவின் முதல் தலைவர். இடதுசாரி. ஆனாலும் 1929இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையை எதிர்த்து அறிக்கை விட்ட ஏழு எழுத்தாளர்களில் ஒருவராகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். நாவல் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. ஆகவே அதைக் கட்சி இலக்கியமாக வாசிக்க இடமில்லை. நாஜி ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு எதிர்ப்பில் இயங்கியதற்காக 1942 மே 12இல் கைதானார். அங்கே நாஜி ஆட்சிக்குத் தலைமை வகித்த ஹைட்ரிக் மீதான தாக்குதல் மே 27. வன்ச்சுராவைச் சுட்டது ஜூன் 1, கொபிலிஸி சுடுதளத்தில். தாக்குதலில் பங்குகொண்டார் என்று எழுதுபவர்கள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. அவர் அப்போது இரண்டு வாரமாகச் சிறையில் இருந்தார், பழிவாங்கலில் கொல்லப்பட்டார். போருக்குப் பின் தியாகி என்ற பட்டம் அவரைப் பாடநூலில் ஏற்றியது. சோதனை நடையிலிருந்து யதார்த்தத்துக்கு ‘வளர்ந்தவர்’ என்று நேர்க்கோடு போட்டுக் காட்ட அன்றைய அதிகாரபூர்வ விமர்சனத்துக்கு அது வசதியாக இருந்தது. அந்தக் கோட்டில் ‘மர்கேத்தா லஸரொவா’ உட்கார மறுக்கிறது.

கடைசி வாக்கியங்களை மொழிபெயர்ப்பவருக்கு ஒரு தனிக் குறிப்பு. மர்கேத்தா, அலெக்ஸாந்திரா என்ற இரு பெண்களின் மகன்களும் மலைபோல ஆண்களாய் வளர்கிறார்கள். ஐயோ, அவர்கள் ஆன்மாவுக்காக அன்பும் கொடூரமும், உறுதியும் ஐயமும் சண்டையிட்டன என்கிறது குரல். அந்த ‘ஐயோ’ மூலத்தில் ‘ஷெல்’ என்ற ஒரே அசை. அதை ‘அந்தோ பரிதாபம்’ என்று நீட்டாதீர்கள். அதற்கடுத்து, கிறிஸ்டியானின் இரத்தத்தையும் மர்கேத்தாவின் இரத்தத்தையும் ‘ஓ’ என்று விளிக்கும் ஒரே வரி. விளிப்போடு நாவல் நிற்கிறது, வினைமுற்று இல்லை. தமிழில் ஒரு வினையைச் சேர்த்து வாக்கியத்தை மூடத் தோன்றும், திறந்தே விடுங்கள்.

இப்படிக்கு,
செக் இலக்கியத்தை மூலத்தில் வாசிக்கும் சிலர்